பேத்தி படிக்கும் கோட்டை

பி.யு.ஸி. என்ற மூன்றெழுத்து உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிப் பட்டத்துக்கும் நடுவே, ஆற்று நடுவில் மணல் திட்டுப் போல, ஒரே ஒரு வருஷப் படிப்பு அது. 1978-ல் பிளஸ் டூ வந்து அந்தத் திட்டை மூழ்கடித்துவிட்டது. நான் 1969-ல், பதினாறாவது வயதில், அந்தத் திட்டில் கால் வைப்பதற்காகச் சேரன்மகாதேவியிலிருந்து பாளையங்கோட்டைக்குப் பிரயாணமானேன். தூரம் சுமார் இருபது கிலோமீட்டர். ஒரு தகரப் பெட்டி, ஒரு பத்தமடைப் பாய், ஒரு டப்பா எள்ளுருண்டை. என் தாயார் தெரு முனை வரை அழுதுகொண்டே வந்தாள். பிள்ளை அந்தமானுக்குப் போகிறான் என்றே அக்கம் பக்கத்தார் நினைத்திருப்பார்கள்!

சென்ற ஆகஸ்டு மாதம் என் பேத்தி, அதே பதினாறாவது வயதில், அதே மாதிரி நடுப் படிப்புக்காகப் புறப்பட்டாள். தூரம் சுமார் ஏழாயிரம் கிலோமீட்டர். பிரிட்டனில் வேல்ஸ் நாட்டுத் தென்கரையில், கடலைப் பார்த்த ஒரு பழைய கோட்டையில் அவள் பள்ளிக்கூடம். டில்லி விமான நிலையத்தில் அவள் தாயார் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இந்தக் காலத்தில் அழுகையெல்லாம் வீட்டுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான்.

அக்டோபர் மாதம் நான் அங்கே போய் வந்தேன். சுற்றிப் பார்க்கப் போனேன் என்று சொன்னால் பாதி பொய். தூது போனேன்.

சமாசாரம் இதுதான். என் பிள்ளை டில்லியில் உத்தியோகம் பார்க்கிறான். மகள் டாக்டராக வேண்டும் என்பது அவன் சங்கற்பம். ஒன்பதாம் வகுப்பிலேயே மருத்துவ நுழைவுத் தேர்வுக்கான பயிற்சி வகுப்பில் அவளைச் சேர்த்துவிட்டான். காலையில் பள்ளிக்கூடம், மாலையில் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. இந்தப் பெண் பத்தாம் வகுப்பில் இருக்கும்போது ஐக்கிய உலகக் கல்லூரிகளுக்கு ஒரு விண்ணப்பம் தயார் செய்து தகப்பனிடம் நீட்டினாள். ‘எங்கே கிடைக்கப் போகிறது!’ என்று அவனும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். கிடைத்துவிட்டது!

அந்த வகைக் கல்லூரிகள் உலகத்தில் பதினெட்டு இருக்கின்றன. புனேக்குப் பக்கத்திலேயே 1997 முதல் ஒன்று நடக்கிறது. இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கிறவர்களை ஒரு தேசியக் குழு பேட்டி கண்டு பொறுக்கி எடுக்கிறது. குடும்ப வருமானத்தைப் பார்த்து உபகாரச் சம்பளமும் உண்டு. ‘புனேயாக இருக்கக் கூடாதா?’ என்று என் பிள்ளை ஏங்கினான். இவளுக்கு விழுந்த சீட்டு வேல்ஸ். அதையும் அவன் சகித்துக்கொண்டான். ஆனால் அங்கே போனதும் இவள் எடுத்துக்கொண்ட பாடங்களின் பட்டியல் வந்தது பாருங்கள், அதைப் பார்த்ததும் அவனுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பட்டியலில் உயிரியல் இருந்தது, ரசாயனம் இருந்தது, பௌதிகம் இல்லை!

நம் நாட்டில் மருத்துவக் கல்லூரிக்குப் போக மூன்றும் வேண்டும். அதற்கு மேல் ‘நீட்’ பரீட்சை வேறு. வெளிநாட்டில் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்து இங்கே தொழில் செய்வதாக இருந்தாலும் நீட் தேறியிருக்க வேண்டும். முதல் சில வாரங்களுக்குள் என்றால் பாடத்தை மாற்றிக்கொள்ள வழி உண்டு. அவனுக்கு லீவு இல்லை, மருமகளுக்கும் இல்லை. ‘அப்பா, நீங்கள் சொன்னால் அவள் கேட்பாள்’ என்று எனக்கு விமான டிக்கெட் வாங்கிவிட்டான். ராமாயணத்தில் அங்கதன் தூது, பாரதத்தில் கிருஷ்ணன் தூது. இரண்டுமே பலிக்கவில்லை என்பது டிக்கெட் வந்த பிறகுதான் என் நினைவுக்கு வந்தது.

என் சகதர்மிணி முழங்கால் வலி காரணமாக வரவில்லை. அவளுக்குப் பதிலாக இரண்டு கிலோ பருப்புப் பொடி வந்தது.

லண்டன் பாடிங்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் கார்டிப். வழியில் செவர்ன் என்ற ஆற்றின் முகத்துவாரத்துக்கு அடியில், ஏழு கிலோமீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைகிறது. 1886-ல் திறந்த சுரங்கம். தலைக்கு மேலே தண்ணீர் ஓடுகிறது என்று தெரிந்ததும் நான் கந்த சஷ்டி கவசத்தை மனசுக்குள் ஆரம்பித்தேன். எதிரே இருந்த வெள்ளைக்கார அம்மாள் நிம்மதியாய் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள்.

சுரங்கத்தை விட்டு வெளியே வந்தால் வேறு நாடு. ஸ்டேஷன் பலகைகளில் இரண்டு பாஷை. சாலையில் ‘மெதுவாக’ என்பதற்கு இங்கிலீஷுக்குப் பக்கத்தில் ‘அரவ்’ என்று வெல்ஷ் மொழியில் பெரிதாகத் தீட்டியிருக்கிறார்கள். 2021-ஆம் வருஷக் கணக்குப்படி வேல்ஸ் ஜனங்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான் அந்த மொழி பேசுகிறவர்கள். ஆனாலும் ஒரு பலகையிலும் அதை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த மொழியில் இரட்டை ‘எல்’ போட்டு ஒரு சப்தம் உண்டு. நாக்கு நுனியை மேல் பல்லுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் காற்றை ஊத வேண்டும். டாக்ஸிக்காரரிடம் நான் முயற்சி செய்தேன். அவர் சிரித்தார். பதிலுக்கு ‘வாழைப்பழம்’ சொல்லிக் கொடுத்தேன். அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை.

கார்டிப்பில் வண்டி மாறி, கரையோரமாகப் போகும் சின்ன ரயிலில் லான்ட்விட் மேஜர் என்ற ஊரில் இறங்க வேண்டும். இந்தச் சின்ன ஊருக்கு ஒரு பெரிய கீர்த்தி. ஆறாம் நூற்றாண்டு வாக்கில் இல்டுட் என்ற துறவி இங்கே மடமும் பள்ளியும் நடத்தியதாகவும், தூர தேசங்களிலிருந்து பிள்ளைகள் வந்து படித்ததாகவும் சொல்கிறார்கள். அவர் பெயரால் உள்ள மாதா கோயிலில் ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட கல் சிலுவைகள் நிற்கின்றன. ஆக, பிள்ளைகளை வெகுதூரம் அனுப்பிவிட்டு வீட்டில் கையைப் பிசைகிற பெற்றோர் அன்றைக்கும் இருந்திருக்கிறார்கள்!

அங்கிருந்து குறுகலான சாலையில் மூன்று கிலோமீட்டர் போனால் செயின்ட் டோனட்ஸ் கோட்டை. நான் எதிர்பார்த்தது நம் செஞ்சி மாதிரி இடிந்த மதில். இதுவோ ஓட்டை உடைசல் இல்லாமல், புகைபோக்கியில் புகையோடு, குடியிருக்கிற கோட்டை. ஸ்ட்ராட்லிங் என்ற குடும்பம் நானூறு வருஷத்துக்கு மேல் ஆண்டது. 1925-ல் ராண்டால்ப் ஹெர்ஸ்ட் என்ற அமெரிக்கப் பத்திரிகை முதலாளி வாங்கினார். வாங்கினவர் சும்மா இருந்தாரா? வில்ட்ஷயரில் இருந்த பழைய கிறிஸ்தவ மடம் ஒன்றைக் கல் கல்லாகப் பிரித்து, இங்கே கொண்டுவந்து மண்டபமாகக் கட்டிக்கொண்டார். பார்லிமெண்டு வரை கூச்சல் எழுந்தது. இவ்வளவும் செய்துவிட்டு மனிதர் இங்கே தங்கியது மொத்தமாய்க் கூட்டினால் சில மாதங்கள்தான். அனுபவிக்க ஒரு கொடுப்பினை வேண்டும்.

பிறகு இது பள்ளிக்கூடமான கதை. குர்ட் ஹான் என்ற ஜெர்மானிய ஆசிரியர் ஹிட்லரை எதிர்த்ததால் 1933-ல் சிறைப்பட்டு, பிரிட்டனுக்கு வந்து சேர்ந்தவர். 1955-ல் பாரிஸில் நேட்டோ ராணுவக் கல்லூரி ஒன்றைப் பார்க்கப் போனார். பத்து வருஷத்துக்கு முன் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த நாடுகளின் அதிகாரிகள் ஒரே மேஜையில் உட்கார்ந்து பாடம் கேட்பதைக் கண்டார். நரைத்த தலைகளுக்கு இது முடியுமானால் பதினாறு வயதுக்கு ஏன் முடியாது என்று தோன்றியது. அந்த எண்ணந்தான் 1962-ல் அட்லாண்டிக் கல்லூரியாக இந்தக் கோட்டையில் திறந்தது. கோட்டையை வாங்கிக் கொடுத்தவர் அந்தோனின் பெஸ் என்பவர். ஏடனில் பெரிய வியாபாரக் குடும்பம். அந்த பெஸ் கம்பெனியில்தான் நம் திருபாய் அம்பானி வாலிபத்தில் வேலை பார்த்தார் என்பது உபரித் தகவல். முதலில் பையன்கள் மட்டும்; 1967 முதல் பெண்களும்.

வாசலில் பேத்தி நின்றாள். இரண்டு மாதத்தில் ஒரு சுற்று இளைத்திருந்தாள். ‘தாத்தா!’ என்று ஓடி வந்து கட்டிக்கொண்டவள், அடுத்த கேள்வியாக, ‘ஆச்சி பருப்புப் பொடி கொடுத்துவிட்டாளா?’ என்றாள்.

ஓர் அறைக்கு நாலு பெண்கள். இவள், கென்யா தேசத்துப் பெண், பெரு நாட்டுப் பெண், உக்ரேன் பெண். உக்ரேன் பெண்ணின் கட்டிலுக்கு மேலே ஒரே ஒரு குடும்பப் படம் ஒட்டியிருந்தது. அவள் தகப்பனார் யுத்த களத்தில் இருக்கிறார். தொலைபேசி எந்த ராத்திரி வரும் என்று தெரியாதாகையால், மற்ற மூவரும் தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை என்று அவள் போனை மணியடிக்கும்படியே வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண் பருப்புப் பொடியை ரொட்டிமேல் தூவித் தின்று, கண்ணில் ஜலம் வர, ‘நன்றாக இருக்கிறது’ என்று சொன்னாள். உறைப்பினால்தான் ஜலம் என்று வைத்துக்கொள்வோம்.

படிப்பு முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிள்ளைகளை அனுப்ப நினைக்கிறவர்களுக்கு உபயோகப்படும். ‘ஐ.பி.’ என்று பெயர். ஆறு பாடங்கள். மூன்றை ஆழமாகவும், மூன்றை அளவாகவும் இரண்டு வருஷம் படிக்க வேண்டும். சொந்த இலக்கியம் ஒன்று, இன்னொரு மொழி, சமூக சம்பந்தமான ஒன்று, விஞ்ஞானம் ஒன்று, கணக்கு. ஆறாவது கலையாகவோ, மேற்படி ரகங்களில் இன்னொன்றாகவோ இருக்கலாம். இதற்கு மேல் நாலாயிரம் வார்த்தையில் சொந்தமாக ஆராய்ந்து ஒரு கட்டுரை. ‘நமக்குத் தெரியும் என்கிறோமே, அது எப்படித் தெரியும்?’ என்று கேட்கிற ஒரு வகுப்பு. இதை எங்கள் காலத்தில் கேட்டிருந்தால் பெஞ்சுமேல் ஏற்றியிருப்பார்கள். பாடத்துக்கு ஏழு மதிப்பெண், உபரியாக மூன்று, ஆக 45. 1971-ல் தன் நாட்டுப் பரீட்சையை அடியோடு விட்டுவிட்டு இதை ஏற்ற முதல் பள்ளி இதுதான். நம் நாட்டிலும் இதைப் பிளஸ் டூவுக்குச் சமமாக ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் மூன்று விஞ்ஞானங்களையும் ஒன்றாக எடுப்பதென்றால் தனி அனுமதி கேட்டு வாங்க வேண்டும். சிக்கல் அங்கேதான்.

மறுநாள் சனிக்கிழமை. கோட்டைத் தோட்டம் படிப்படியாய் இறங்கிக் கடலில் முடிகிறது. அந்தக் கடலைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை எழுதியும் பிரயோஜனமில்லை. சென்னைக் கடற்கரையில் அலை ஏறி இறங்குகிற வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர். இந்தப் பிரிஸ்டல் கால்வாயில் சில இடங்களில் பதினாலு மீட்டர்! நாலு மாடி வீட்டு உயரத்துக்குக் கடல் ஏறுகிறது. ஆறு மணி நேரத்தில் வடிந்து, கறுத்த பாறைத் தளத்தைத் தெரு மாதிரி திறந்து காட்டுகிறது.

இப்படிப்பட்ட கடலில் பிள்ளைகளுக்குப் படகு விடக் கற்றுக் கொடுத்தார் முதல் தலைமை ஆசிரியர் டெஸ்மண்ட் ஹோர். கடற்படை அட்மிரலாக இருந்தவர். ரப்பர்ப் படகு கூழாங்கல்லில் உரசி அடி தேய்ந்து போயிற்று. அவரும் மாணவர்களும் ரப்பர்க் குழாய்க்கு அடியில் கெட்டியான பலகையைப் பொருத்திப் பார்த்தார்கள். அறுபதுகளில் அப்படித் தட்டித் தட்டிச் செய்ததுதான் இன்று உலகம் முழுவதும் கடலோரக் காவலர்கள் ஓட்டுகிற படகு வகை. உரிமையைப் பேருக்கு ஒரு பவுண்டு விலை வைத்துக் கொடுத்துவிட்டார். 1963 முதல் 2013 வரை, ஐம்பது வருஷம், இங்கே உயிர்காப்புப் படகு நிலையம் இருந்தது. மாணவர்களே கடலில் போய் மனிதர்களைக் கரை சேர்த்தார்கள்.

பாறையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்தோம். தொண்டையைச் சரி செய்துகொண்டேன்.

‘பௌதிகம்தானே தாத்தா?’ என்றாள் அவள்.

தூதனுக்கு இதைவிட அவமானம் வேண்டாம். ஆனாலும் வந்த காரியத்தைச் சொல்லாமல் விடுவது தர்மமல்ல. தகப்பன் சொன்னது, தாய் சொல்லாமல் விட்டது, நீட் விவகாரம், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். ஒரு பக்கத்தில் நடுவே கோடு கிழித்து, இந்தப் பட்டியலால் திறக்கிற கதவுகள் ஒரு பக்கம், மூடுகிற கதவுகள் மறு பக்கம் எழுதியிருந்தாள். மூடுகிற பக்கத்தில் முதல் வரியே, ‘இந்தியாவில் எம்.பி.பி.எஸ்.’

‘தெரிந்துதான் செய்தாயா?’

‘தெரிந்துதான். ஆனால் பயமில்லை என்று சொல்ல மாட்டேன், தாத்தா. முதல் மூன்று வாரம் துணி துவைக்கும் அறையில் போய் அழுதேன். மெஷின் சப்தத்தில் யாருக்கும் கேட்காது.’

அப்புறம் பட்டியலைச் சொன்னாள். ஆங்கில இலக்கியம், கணக்கு, உயிரியல், ரசாயனம், பொருளாதாரம். ஆறாவதை நான் எதிர்பார்க்கவில்லை. தமிழ் இலக்கியம்!

இந்தப் பெண் ஐந்தாம் வகுப்பு வரை சென்னையில் படித்து, பிறகு டில்லிக்குப் போய், மதிப்பெண்ணுக்காக பிரெஞ்சு எடுத்தவள். வந்த புதிதில் ஒரு ராத்திரி அறையில் நாலு பேரும் அவரவர் மொழியில் மனப்பாடமாகத் தெரிந்த கவிதை ஒன்று சொல்வதென்று விளையாடியிருக்கிறார்கள். மூவரும் சொன்னார்கள். இவளுக்கு ‘நிலா நிலா ஓடி வா’வைத் தவிர ஒன்றும் வாயில் வரவில்லையாம். ‘வெட்கமாக இருந்தது, தாத்தா’ என்றாள். ஐ.பி.யில் ஓர் ஏற்பாடு உண்டு. பள்ளியில் அந்த மொழிக்கு ஆசிரியர் இல்லாவிட்டாலும், பள்ளியின் மேற்பார்வையில் மாணவர் தன் தாய்மொழி இலக்கியத்தைத் தானாகவே படித்துப் பரீட்சை எழுதலாம். ஒன்பது நூல்கள், சில தமிழிலேயே பிறந்தவை, சில பிற மொழியிலிருந்து வந்தவை. பௌதிகம் உட்கார வேண்டிய நாற்காலியில் தமிழ் உட்கார்ந்துவிட்டது என்று என் பிள்ளை சொல்லுவான். கணக்கு முழுக்கச் சரியில்லை. ஆனால் முழுக்கத் தப்பும் இல்லை.

‘உனக்கு யார் சொல்லித் தருவார்கள்?’

‘நீங்கள்தான்.’

அம்பத்தாறு வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்றை அப்போது நான் அவளிடம் சொன்னேன். பி.யு.ஸி. விண்ணப்பத்தில் ‘முதல் குரூப், கணக்கு’ என்று என் தகப்பனார் தம் கையால் எழுதினார். எனக்குச் சரித்திரத்தில்தான் ஆசை. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் எழுதியது தப்பென்று இப்போதும் சொல்ல மாட்டேன். அந்தக் கணக்குத்தான் கூட்டுறவு வங்கியில் முப்பத்தாறு வருஷம் எங்களுக்குச் சோறு போட்டது. ஆனால் என்னிடம் நடுவே கோடு கிழித்த நோட்டுப் புத்தகம் ஒன்று இருந்ததில்லை.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, ‘ஐயையோ! தண்ணீர் ஏறுகிறது, வாருங்கள்!’ என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். திரும்பிப் பார்த்தால், நாங்கள் வந்த வழியில் பாதியைக் காணோம். படியேறி மதிலுக்கு வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோதுதான் காலைப் பார்த்தேன். திருநெல்வேலியில் வாங்கிய புதுச் செருப்பு பிரிஸ்டல் கால்வாயோடு போயிற்று. கோட்டையைச் சுற்றி இருந்த மூன்று நாளும் கென்யா தேசத்துப் பெண்ணின் ரப்பர்ச் செருப்பில்தான் நடமாடினேன். ஊதா நிறம்.

டில்லி விமான நிலையத்துக்கு என் பிள்ளை கார் கொண்டு வந்திருந்தான். பெட்டியை வைப்பதற்குள், ‘சொன்னீர்களா அப்பா?’ என்றான்.

‘சொன்னேன்.’

‘என்ன சொன்னாள்?’

சட்டைப் பையிலிருந்து அவள் கொடுத்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். ஒன்பது புத்தகங்களின் பட்டியல். தமிழில் எழுதியிருந்தாள், ‘ழ’வும் ‘ள’வும் இரண்டு இடத்தில் இடம் மாறியிருந்தன. அவன் விளக்கடியில் போய் நின்று, உதடு அசைய, எழுத்துக் கூட்டி வாசித்தான். காரியாலயத்தில் எல்லாம் இங்கிலீஷும் ஹிந்தியுமாகிப் போய், அவனும் தமிழ் வாசித்து எத்தனை வருஷமோ!

‘இதில் நாலு புத்தகம் அச்சில் வேண்டுமாம். கரோல்பாக்கில் கிடைக்குமா?’ என்று கேட்டேன்.

‘பௌதிகம்?’ என்றான்.

‘ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். நீயே கேள். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறாள்; அதைக் காட்டச் சொல்.’

காகிதத்தை நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டான். வண்டியைக் கிளப்பப் போனவன் என் காலைப் பார்த்துவிட்டு, ‘இதென்ன அப்பா, ஊதாச் செருப்பு?’ என்றான்.